வீதியோரத்தில் விலை பேசாதீர்!

பண்டாரவளையிலிருந்து தெமோதரை வழியாக இறங்கிவரும் வீதியும், வெலிமடையிலிருந்து வரும் வீதியும் ஹாலிஎலயில் ஒன்றுகூடிப் பதுளையை நோக்கிச் செல்கின்றன. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; பதுளையோ 700 மீற்றருக்கும் தாழ்வான இடத்தில் இருக்கிறது. இந்த இறக்கம் முழுவதும் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம், நடுவே பாம்பென வளைந்து செல்லும் வீதி. அவ்வீதியில் லொறிகள் விரைகின்றன. பஸ்கள் ஒன்றையொன்று முந்துகின்றன. சுற்றுலாப் பயணிகளின் வான்கள் பறக்கின்றன. அவற்றுக்கெல்லாம் ஓரமாக, ஒரு சாக்குப் போஞ்சியைப் பின்னாற் கட்டிக்கொண்டு, இரண்டு பிறேக்கையும் இறுகப் பற்றியபடி ஒரு மனிதனும் செல்கிறான். அவனே சைக்கிளோட்டி. வீதியில் அவனுக்கு இரும்புக் கூடு இல்லை. அவனைச் சுற்றியிருப்பது அவனது தோல் மட்டுமே.

வளைவொன்றில் லொறி உரசுகிறது; மனிதன் வீழ்கிறான்; போஞ்சி வீதியெங்கும் சிதறுகிறது. நாலுபேர் கூடுகிறார்கள். சாரதி இறங்கி வருகிறார். "பெரிய காயம் ஒன்றுமில்லை" என்று ஒருவர் தீர்ப்பளிக்கிறார். "பொலிசுக்குப் போனால் இரு பக்கமும் அலைச்சல்" என்று மற்றொருவர் உபதேசிக்கிறார். சட்டைப்பையிலிருந்து சில ஆயிரம் ரூபா நோட்டுகள் கை மாறுகின்றன. வீழ்ந்தவனும் எழுந்து, கைகூப்பி வாங்கிக்கொண்டு, வளைந்த சில்லை உருட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்புகிறான். இரவு பத்து மணிக்கு வாந்தி எடுக்கிறான். விடிவதற்குள் நினைவிழக்கிறான். லொறியின் இலக்கம் எவருக்கும் தெரியாது. பொலிஸ் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அப்படியொரு விபத்து நடக்கவேயில்லை!

இது கற்பனைக் காட்சிதான். ஆயினும் இதன் முற்பகுதியையேனும் நேரிற் கண்டிராதவர் நம்மில் எவர்?

2021ஆம் ஆண்டு மார்ச்சில் பசறையிலே பஸ் பள்ளத்தில் வீழ்ந்தபோது நாடே கலங்கியது. 2025 செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் பாய்ந்து 15 உயிர்களைக் கொண்டுபோனபோதும் அவ்வாறே. அமைச்சர்கள் பேசினர், குழுக்கள் ஆராய்ந்தன. அது வேண்டியதே. ஆனால் ஒற்றைச் சைக்கிளோட்டி ஒருவன் ஓரத்தில் வீழ்ந்தால் எந்தக் குழு ஆராய்கிறது? உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வீதி விபத்துகளில் ஆண்டொன்றுக்கு உலகில் மாள்வோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும், சைக்கிளோட்டிகளும், மோட்டார் சைக்கிளோட்டிகளுமே. வீதியில் இறப்போர் பெரும்பாலும் எளியோர் என்பதே இதன் பொருள்.

மலைநாட்டில் சைக்கிளா என்று நகைப்பவர்களுக்கு 2022ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அந்த ஆண்டு ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி மற்றெவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசே கைவிரித்தது. காரோட்டிய கனவான்களும் சைக்கிள் கடைகளின் வாசலில் நின்றார்கள். இறக்கத்தில் ஏறி விடுவதும் ஏற்றத்தில் இறங்கி உருட்டுவதுமாக, ஹாலிஎலயின் விவசாயியும் தோட்டத்து இளைஞனும் அதற்கு முன்னரும் சைக்கிளை நம்பியிருந்தனர், இன்றும் நம்பியிருக்கின்றனர். ஆகவே, வீழ்ந்த பின் அவன் செய்யவேண்டியது யாது என்பதை இன்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

உயிரே முதல்

வீழ்ந்தவுடன் துள்ளி எழுவது வீரமன்று. முதலில் அசையாமற் கிடந்து, கழுத்து வலிக்கிறதா, கைகால் மரத்திருக்கிறதா, விரல்கள் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். கழுத்திலோ முதுகிலோ கடும் வலி இருந்தால் எழக்கூடாது. மற்றவர் தூக்கவும் விடக்கூடாது. முதுகெலும்பு முறிந்தவனை இருவர் கையிலும் காலிலும் பிடித்து முச்சக்கரவண்டிக்குள் மடித்துத் திணிப்பது, அவனை ஆயுள் முழுவதும் நடக்கமுடியாதவனாக்கும் செயலாகவும் முடியலாம். அன்பினாற் செய்யப்படும் அநியாயம் அது. எதிரே வரும் வாகனங்களை நிறுத்துவதற்கு வளைவின் இருபுறமும் ஆளை நிறுத்துங்கள். காயப்பட்டவரை அவசரப்பட்டு இழுக்காதீர்கள். தீயோ, பள்ளமோ, பாய்ந்துவரும் வாகனமோ உடனே உயிருக்கு ஆபத்தாக இருந்தாலன்றி அவரை அசைக்கலாகாது.

இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கோப்பித்தூள் அப்புவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது முதலிய கைவைத்தியங்கள் புண்ணைக் கெடுக்கும். மயங்கியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவதும் தவறு. அது மூச்சுக்குழலுக்குட் போய் உயிரைக் குடிக்கலாம்.

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். 2016இல் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த அச்சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. பொலிஸ் அவசர இலக்கம் 119. அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், பிரிவு, அருகிலுள்ள கிலோமீற்றர்க் கல், கோவில், பாடசாலை ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். மலைவீதியில் வளைவுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

மற்றொன்றை அழுத்திச் சொல்கிறோம். தலையில் அடிபட்டவன் எழுந்து நடப்பதனால் அவன் தப்பிவிட்டான் என்று எண்ணக்கூடாது. மண்டையோட்டுக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து தேங்குமாயின், சில மணிநேரம் நன்றாகப் பேசிச் சிரித்திருந்தவனும் பின்னர் திடீரென்று வீழ்வான். ஆகையால் இரண்டு நாள் வரையிலாவது வீட்டார் அவனைக் கவனிக்க வேண்டும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத உறக்கம், குழறும் பேச்சு, வலிப்பு, மூக்கிலோ காதிலோ நீர் வடிதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினும் அந்த நிமிடமே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும்.

சைக்கிளோட்டிக்கே உரிய வேறோர் ஆபத்தும் உண்டு. வீழும்போது ஹாண்டிலின் முனை வயிற்றிற் குத்தும். தோலில் ஒரு வட்டத் தழும்பு மட்டுமே தெரியும். உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். சிறுவர்களிடத்தில் இது அதிகம். வயிறு இறுகி வலித்தாலும், முகம் வெளிறி வியர்த்தாலும், "விழுந்த நோவு, நாளைக்குப் போகும்" என்று இருந்துவிடலாகாது. சிராய்ப்புக் காயத்துக்கும் ஏற்புவலித் தடுப்பூசி வேண்டுமா என்பதை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

இடம் பேசும் சாட்சி

உயிருக்கு ஆபத்தில்லை என்று கண்ட பின், அல்லது துணைக்கு ஆள் இருந்தால் அதே வேளையில், செய்யவேண்டிய இரண்டாவது காரியம் இடத்தைக் காப்பது. வாகன இலக்கத்தை உடனே எழுதுங்கள். கடதாசி இல்லையேல் கையில் எழுதுங்கள். இக்காலத்தில் தொலைபேசி இல்லாத கை அரிது. லொறி நின்ற இடம், சைக்கிள் கிடந்த இடம், வீதியிற் பதிந்த சில்லுத் தடம், உடைந்த கண்ணாடித் துண்டுகள், காயங்கள் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். கண்டவர் இருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். கூட்டம் கலைந்த பின் சாட்சி கிடைக்காது.

சாரதியின் கடமை என்ன? அது அவருடைய நல்லெண்ணத்துக்கு விடப்பட்ட காரியமன்று. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், விபத்து நேர்ந்தால் சாரதி வாகனத்தை நிறுத்த வேண்டும், காயமுற்றவருக்கு உதவ வேண்டும், பெயரையும் விலாசத்தையும் கொடுக்க வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. எனவே பெயரைக் கேட்பது சண்டைக்கு இழுப்பதாகாது. சட்டம் தந்த உரிமையைக் கேட்பதே ஆகும். கோபச் சொல் வேண்டாம், கைகலப்பும் வேண்டாம். சாரதியும் ஒரு தொழிலாளியே. அவரை அடிப்பதனால் நமது எலும்பு பொருந்தாது; நம் வழக்கே பழுதாகும்.

அதேவேளை, பதற்றத்தில் "பிழை என்மேல்தான்" என்று சொல்வதும் வேண்டாம். நம்மவரிடையே பணிவு ஒரு பழக்கமாகிவிட்டது. துரைமார் காலத்திலிருந்து, காரில் வந்தவர் சரி, காலில் வந்தவர் பிழை என்று நம் நாவுக்குப் பழக்கிவிட்டார்கள். மோதியது எப்படி என்பதை விசாரணை தீர்மானிக்கட்டும்.

வைத்தியசாலையில் உண்மையைச் சொல்லுங்கள்

பொலிசைப் பற்றிப் பேசுமுன் வைத்தியசாலையைப் பற்றி ஒரு வார்த்தை. காயத்தோடு செல்பவரிடம் "என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். சாரதி பக்கத்தில் நின்று கண்ணைக் காட்ட, நம் ஆள் "சைக்கிளால் விழுந்துவிட்டேன்" என்று சொல்வான். அந்த ஒரு சொல் வைத்தியரின் குறிப்பில் ஏறிவிடும். "விழுந்தேன்" என்பதற்கும் "லொறி மோதி விழுந்தேன்" என்பதற்கும் இடையிலுள்ள தூரம், பின்னர் எந்தச் சட்டத்தரணியாலும் எளிதிற் கடக்க முடியாத தூரம். ஆகவே நடந்ததை நடந்தபடி, முதல் வாயிலேயே சொல்லுங்கள்.

பொலிசார் வழங்கும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தின் பேரில் சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பரிசோதித்துப் பதிவார். அப்பரிசோதனை நடந்ததா என்பதைக் கேட்டு உறுதிசெய்யாமல் வீடு திரும்பாதீர்கள். காயம் ஆறிவிடும், ஆறிய காயத்துக்குச் சாட்சி கடதாசிதான். மருந்துச் சிட்டை, கட்டணப் பற்றுச்சீட்டு, வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு, எக்ஸ்ரே ஆகிய யாவற்றையும் ஒரு பையிலிட்டு வையுங்கள். கிழிந்த சட்டையையும் தோய்த்துவிடாதீர்கள்.

சொல் நமது, மொழியும் நமது

இனி வருவதே தலையாய விடயம். ஊவாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழன் பொலிஸ் நிலையத்தின் படியேற அஞ்சுவது எதனால்? சட்டத்துக்கு அஞ்சியா? அன்று. மொழிக்கு அஞ்சி. அவன் தமிழிற் சொல்வான்; எழுதுபவர் சிங்களத்தில் எழுதுவார்; இறுதியிற் கையொப்பமிடு என்பார். தான் சொன்னது எழுதப்பட்டதா, சொல்லாதது எழுதப்பட்டதா என்பதை அறியாமலே இவன் கையொப்பமிடுவான், அல்லது பெருவிரலை மையிற் பதிப்பான். ஒரு மனிதன் தனது சொல்லுக்கே அந்நியனாகும் அவலம் இதனினும் வேறுண்டா?

சட்டம் அவ்வாறு சொல்லவில்லை என்பதை ஒவ்வொரு தமிழனும் அறியவேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு என்ன கூறுகிறது? குற்றம் பற்றி வாய்மொழியாகத் தகவல் தரப்பட்டால், அது எந்த மொழியிற் தரப்பட்டதோ அந்த மொழியிலேயே எழுதப்பட்டு, தந்தவருக்கு வாசித்துக் காட்டப்படவேண்டும் என்கிறது. அம்மொழியில் எழுத அதிகாரியால் இயலாவிட்டால், தகவலை எழுத்திலே தரும்படி தந்தவரையே அவர் கேட்கவேண்டும். தந்தவர் தம்மால் எழுத இயலாது என்றால் மட்டுமே, அந்த இயலாமையையும் குறித்துக்கொண்டு தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியிற் பெயர்த்து வாசித்துக் காட்டவேண்டும். கவனக்குறைவாக வாகனமோட்டி ஒருவரைக் காயப்படுத்துவது குற்றமே. ஆதலால் இப்பிரிவு நமக்கும் உரியது.

1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. வடக்கு, கிழக்குக்கு வெளியே வாழும் தமிழரும் அரசாங்க அலுவலருடன் தமிழிற் கருமமாற்ற உரித்துடையவர் என்பது அரசியலமைப்பில் எழுதப்பட்ட வாக்கு. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகவும் அறிவிக்கப்பட்டுள்ளன. ஏட்டிலிருக்கும் இந்த உரிமை நாட்டில் நடைமுறைக்கு வருவது எவ்வாறு? கேட்பவன் இருந்தாலன்றி வராது. "ஐயா, நான் தமிழிலேயே எழுதித் தருகிறேன்" என்று அமைதியாகச் சொல்லும் ஒரு சைக்கிளோட்டி, மேடையில் முழங்கும் பத்துப் பேச்சாளருக்குச் சமமானவன் என்போம்.

முறைப்பாட்டில் நாள், நேரம், இடம், வாகன இலக்கம், வாகனம் எத்திசையிலிருந்து வந்தது, தாம் எத்திசையிற் சென்றார், எங்கே மோதியது, யார் கண்டது என்பன இருக்கவேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லவேண்டும். முறைப்பாட்டின் இலக்கத்தையும் பதிந்த அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுக் கடதாசியை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

நட்டஈடு பிச்சையன்று

வீதியோரத்தில் நீட்டப்படும் நோட்டுகளை நாம் ஏன் எதிர்க்கிறோம்? சமாதானத்தை நாம் வெறுக்கிறோமா? இல்லை. காயத்தின் அளவு தெரியுமுன் செய்யப்படும் சமாதானத்தையே வெறுக்கிறோம். விலை தெரியாத பொருளை விற்பவனை உலகம் ஏமாளி என்கிறது. போஞ்சியைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் விவசாயி, கிலோ என்ன விலை என்று விசாரிக்காமற் சாக்கை இறக்குவானா? தன் காலின் விலையை மட்டும் வைத்தியர் பார்க்குமுன்னரே பேசி முடிப்பதேன்? "இனி எவ்வித உரிமையும் கோரமாட்டேன்" என்று எழுதிய கடதாசியில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள்.

வீதியில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயம். மூன்றாந் தரப்பு என்றால் யார்? வாகனத்தால் மோதப்பட்ட நாமே அந்த மூன்றாந் தரப்பு. ஆதலின் சாரதி ஏழை, அவரிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் வேண்டியதில்லை. உடற்காயத்துக்கான தீர்ப்புப் பணத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டது காப்புறுதிக் கம்பனி. ஆனால் அதற்கு உரிய வேளையில் உரிய முறையில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். அங்கேதான் சட்டத்தரணி வேண்டும்.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்குத் தண்டம் விதிக்கப்பட்டதும் எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். தண்டப் பணம் அரசுக்குப் போகிறது. நட்டஈடு நமக்கு வரவேண்டியது. அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடரவேண்டும். அவ்வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரவேண்டும் என்பது 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் விதி. இரண்டு ஆண்டும் ஒரு நாளும் சென்றபின் அழுதுகொண்டு வருபவரைச் சட்டம் திரும்பிப் பார்க்காது. வழக்காட வசதியில்லாதோருக்காக 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பதுளையிலும் அதன் நிலையம் உண்டு.

"எனது சைக்கிளுக்கு லைட் இல்லை, என்மேலும் பிழை உண்டு, நான் எப்படிக் கேட்பது?" என்று சிலர் வாயடைத்துப் போகிறார்கள். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காயமுற்றவர்மேலும் ஒரு பங்கு தவறு இருந்தால் அந்தப் பங்குக்கேற்ப நட்டஈடு குறையும் என்கிறது. முழுவதும் அற்றுப்போம் என்று சொல்லவில்லை.

தோட்டத் தொழிலாளருக்கும் ஏனைய வேலையாட்களுக்கும் மற்றொரு வாயிலும் திறந்திருக்கிறது. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, வேலைக்குச் செல்லும் வழியிலும் வேலையிலிருந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும் அதனுள் அடக்கப்பட்டன. அதிகாலையில் உடுவரையிலிருந்தோ தெமோதரையிலிருந்தோ வேலைக்குச் சைக்கிளில் வந்தவன் வழியில் மோதுண்டால், அவன் வேலை கொள்வோருக்கும் உடனே எழுத்தில் அறிவிக்கவேண்டும். இத்திருத்தத்தைத் தொழிற்சங்கங்கள் லயந்தோறும் சென்று சொன்னாலென்ன? சந்தாப் பணம் பிடிக்கத் தெரிந்த சங்கங்களுக்கு இதையும் சொல்லத் தெரியவேண்டாமா?

நம் பக்கத்துப் பிழை

பிறரைக் குறைசொல்லும் நாம் நம்மையும் பார்க்கவேண்டும். பிறேக் கட்டை தேய்ந்த சைக்கிளில், தலைக்கவசமின்றி, மூன்று சாக்கு ஏற்றி இறக்கத்தில் விடுவது விதியோடு சூதாடுவதாகும். மாலையில் மூடுபனி இறங்கும் இப்பிரதேசத்தில் முன்விளக்கும் பின்னே சிவப்புப் பிரதிபலிப்பானும் இன்றிச் செல்பவன், லொறிச் சாரதிக்குக் காட்சி தராத கடவுளாகிறான்! சைக்கிளோட்டியே பாதசாரியை மோதினாலும் நீதி ஒன்றுதான்: நிற்கவேண்டும், தூக்கவேண்டும், பெயரைச் சொல்லவேண்டும். பிறரிடம் நாம் கேட்பதை நாமும் கொடுக்கவேண்டும்.

விபத்துக்குள்ளான சைக்கிளைப் பொலிசார் பார்க்குமுன் திருத்தாதீர்கள், அதுவும் சாட்சி. திருத்தியபின்னும் உடனே ஏறி மிதிக்காதீர்கள். முன் கவை மயிரிழை அளவு வெடித்திருந்தாலும் இறக்கத்தில் அது முறியும். ஹாண்டில், முன் கவை, சில்லு, கம்பிகள், பிறேக் வயர் ஆகியவற்றை நல்ல சைக்கிள் திருத்துநர் ஒருவரிடம் காட்டிய பின்னரே பயணம். வெடித்த தலைக்கவசம் மீண்டும் உதவாது. அது தன் கடனைச் செய்து முடித்துவிட்டது.

படித்தோர் கடன்

இவ்விதழைப் படிக்கும் வைத்தியர், ஆசிரியர், சட்டத்தரணி, எழுதுவினைஞர் ஆகியோருக்கு ஒரு சொல். உங்களிற் பலர் இன்று சைக்கிளில் இல்லை, காரில் இருக்கிறீர்கள். வீதியோரத்தில் ஒருவன் வீழ்ந்து கிடக்கக் கண்டால், "வழக்கில் இழுப்பார்கள்" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகின்றவர் நம்மவரிலும் உண்டு. அந்த அச்சம் இந்தியாவிலும் இருந்தது. ஆனால் அங்கே 2016இல் உயர்நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்றமே உதவுவோரைக் காக்கும் நெறிகளுக்கு ஒப்புதல் தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அப்பாதுகாப்பு ஏறியது. இங்கும் அவ்வாறு வேண்டும் என்று கேட்போம். அது வரும்வரை மனிதத்தன்மைக்குச் சட்டம் தேவையா?

எழுதத் தெரிந்தவர் ஒருவர் எழுதத் தெரியாதவனுக்காக அரைமணி நேரம் பொலிஸ் நிலையத்தில் உட்கார்ந்தால், ஒரு குடும்பத்தின் சோறு காக்கப்படும். தோட்டந்தோறும், கோவில் சபைதோறும், இளைஞர் மன்றந்தோறும் தமிழும் சிங்களமும் தெரிந்த இருவரை இதற்கென நியமிக்கலாம். அவர்களிடம் ஒரு கொப்பி, ஒரு பேனை, முதலுதவிப் பெட்டி, சட்டத்தரணி ஒருவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவை இருந்தாற் போதும். இதற்கு அமைச்சர் திறப்புவிழா வேண்டியதில்லை.

ஆட்சியாளருக்கு

அரசிடம் நாம் கேட்பன இரண்டே. முதலாவது, தமிழர் செறிந்து வாழும் ஊவாவின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இரவும் பகலும் தமிழில் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரேனும் இருக்கவேண்டும். இது சலுகையன்று, அரசியலமைப்பின் கட்டளை.

இரண்டாவது, நட்டஈட்டுச் சட்டத்தைத் திருத்தவேண்டும். இந்நாட்டின் நட்டஈட்டுச் சட்டம் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் - டச்சுச் சட்டம். அதன்படி, மோதியவரின் கவனக்குறைவை மோதப்பட்டவனே நிரூபிக்கவேண்டும். காலொடிந்து கிடப்பவன் சாட்சி தேடவேண்டும். ஓட்டிச் சென்றவர் வாளாவிருக்கலாம். அந்தச் சட்டத்தை நமக்குத் தந்த ஒல்லாந்தர் தம் நாட்டில் என்ன செய்கின்றனர்? அவர்களது 1994ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, மோட்டார் வாகனம் பாதசாரியையோ சைக்கிளோட்டியையோ மோதினால் நட்டத்துக்கு வாகன உரிமையாளரே பொறுப்பு. தவிர்க்கவே முடியாத நிகழ்வு அது என்பதை அவர் நிரூபித்தாலன்றித் தப்ப முடியாது. பழைய சட்டத்தை நம்மிடம் விட்டுவிட்டுப் புதிய நீதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டார்கள்! வலியவன் நிரூபிக்கட்டும் என்பதே அந்நீதி. அதனை இங்கும் கொண்டுவர எந்தக் கட்சி முன்வரும் என்று கேட்கிறோம்.

கடதாசியின் வலிமை

1896ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் நியூயோர்க் நகரில் ஒரு மோட்டார் வண்டி சைக்கிளொன்றை மோதியது. சைக்கிளோட்டியின் கால் முறிந்தது. வண்டியை ஓட்டியவர் பொலிசாரால் கைதுசெய்யப்பட்டார். அமெரிக்காவின் முதல் மோட்டார் விபத்து என்று அது குறிக்கப்படுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் நமக்கு அது தெரிவதேன்? எவரோ ஒருவர் அன்று அதனை எழுதி வைத்தார், அதனால்.

எழுத்து இல்லாததால் என்ன நேரும் என்பதை மலையகத் தமிழனைப் போல் அறிந்தவர் உலகில் எவருமிலர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இங்கே பிறந்தான் என்பதற்குச் சான்று எங்கே, பாட்டன் இங்கே பிறந்தான் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டது. காட்டை வெட்டித் தேயிலை நட்ட கைகளில் கடதாசி இருக்கவில்லை. அதனால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை அந்தக் கறை நீடித்தது.

கடதாசி இல்லாமையால் ஒரு நாட்டையே இழந்து மீண்டவர்கள் நாம். அதே குறையால் இன்னுமொரு காலையோ, கையையோ, குடும்பத் தலைவனையோ இழக்கலாகாது. வீழ்ந்தால் முதலில் உயிரைக் காப்போம். அடுத்து உண்மையைக் காப்போம். உண்மையைக் காப்பதற்கு ஒரே வழி, அதனை நமது மொழியில் எழுதி, நமது கையால் ஒப்பமிட்டு வைப்பதே.

வீதியோரத்தில் விலை பேசாதீர்! பொலிஸ் நிலையத்தின் படியேறி, தலைநிமிர்ந்து, தமிழிற் பேசுங்கள்!